டாக்கர், காஃப்கா, எலாஸ்டிக்சர்ச் எல்லாம் ஒரே லேப்டாப்பில்: எதைப் பார்த்து வாங்குவது?

பொருநைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஜாவா, ஸ்பிரிங் பூட். கம்பெனியில் மெஷின் தருவதில்லை, ஒரு தொகையைக் கொடுத்து நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மேற்கொண்டு ஆவதை நான் போட வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

இப்போது இருப்பது ஐ5-1135ஜி7, 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. டபிள்யூஎஸ்எல்2க்குள் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) டாக்கர் (மென்பொருள்களைத் தனித்தனிக் கண்டெய்னராகப் பிரித்து ஓட்டும் கருவி). அதில் போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்), காஃப்கா (சர்வீஸ்களுக்கிடையே செய்தி கடத்துவது), எலாஸ்டிக்சர்ச் (தேடல்), எங்கள் சர்வீஸ் ஆறு. வெளியே கோட் எழுத இன்டெலிஜே, அப்புறம் குரோம், டீம்ஸ். மாதத்துக்கு ஒருமுறை ஒரு பழைய விண்டோஸ் விஎம்மும் (மெஷினுக்குள் ஓடும் இன்னொரு மெஷின்) ஏற்ற வேண்டும்.

காம்போஸ் அப் (எல்லாக் கண்டெய்னரையும் ஒன்றாகக் கிளப்பும் கட்டளை) கொடுத்த கையோடு மவுஸ் அசையாது. முழு பில்டுக்கு ஏழே முக்கால் நிமிஷம். மத்தியான வெயிலில் அதே பில்டு பத்தைத் தாண்டுகிறது. காற்று போகட்டும் என்று அடியில் இரண்டு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துத் தூக்கி வைத்திருக்கிறேன்.

கடையில் கேட்டால் ஐ9 எடுங்க, எல்லாம் பறக்கும் என்கிறார்கள். எனக்கு ஐ9 வேண்டுமா, 64 ஜிபி வேண்டுமா, மேக்புக் வேண்டுமா என்றே தெரியவில்லை. இந்த மாதிரி வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்காற்று எழுதியது:

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் செலவு பண்ணி, இருக்குற மெஷினை அளந்து பாருங்க. நான் டெவ்ஆப்ஸ்ல ஒன்பது வருஷமா இருக்கேன். டீம்ல யாராவது "ரேம் பத்தல" னு வந்தா முதல்ல இதைத்தான் பார்ப்பேன்.

உங்க 16 ஜிபி எங்க போகுதுன்னு யோசிங்க. டபிள்யூஎஸ்எல்2 நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா மொத்த ரேம்ல பாதியைத் தன் உச்சவரம்பா வச்சுக்கும். அப்ப உங்க டாக்கருக்குக் கிடைக்கிறது 8. அதுக்குள்ள எலாஸ்டிக்சர்ச் வருது. அதுக்கு ஹீப் (ஜாவா நிரல் தன் தரவுக்கு எடுத்துக்கிற மெமரி) அளவு சொல்லலைன்னா கண்ணுக்குத் தெரியுற மெமரியில பாதியை எடுத்துக்கும், அதாவது 4. மிச்சம் 4. இப்ப உங்க ஆறு சர்வீஸ். ஜாவாவை ஓட்டுற ஜேவிஎம் வழக்கமா தான் பார்க்கிற மெமரியில கால் பங்கை ஹீப்புக்கு உச்சமா வச்சுக்கும். ஆளுக்கு 2 ஜிபி. ஆறு பேரும் "எனக்கு 2 வரைக்கும் இடம் இருக்கு" னு நினைச்சுக்கிட்டு குப்பையைக் கூட்டாம, அதாவது வேண்டாத மெமரியை விடுவிக்காம, உட்கார்ந்திருப்பாங்க. எட்டுப் பேர் படுக்குற திண்ணையில பதினாறு பேருக்குப் பாய் விரிச்ச கணக்கு. அப்புறம் ஸ்வாப் (ரேம் பத்தாம டிஸ்க்கை ரேம் மாதிரி பயன்படுத்துறது), அப்புறம் டிஸ்க், அப்புறம் உங்க மவுஸ் நிக்குது.

இன்னொண்ணையும் கவனிங்க. இதைச் சரி பண்ணாம 32 ஜிபி மெஷின் வாங்கினா டபிள்யூஎஸ்எல்லுக்கு 16, எலாஸ்டிக்குக்கு 8, ஆளுக்கு 4. அங்கயும் இதே கதைதான். 64 வாங்கினாலும் இப்படியே போகும்.

அதனால காம்போஸ் ஃபைல்ல ஒவ்வொரு கண்டெய்னருக்கும் மெமரி வரம்பு போடுங்க. எலாஸ்டிக்குக்கு ஹீப் 1 ஜிபி போதும், லோக்கல்ல நாலு டாக்குமெண்ட் தேடப் போறீங்க. சர்வீஸுக்கு 700 எம்பி வச்சுப் பாருங்க. போட்டுட்டு ஒரு முழு நாள் வழக்கம்போல வேலை பாருங்க. சாயங்காலம் "டாக்கர் ஸ்டாட்ஸ்" எடுத்து இங்க போடுங்க. டாஸ்க் மேனேஜர்ல இன்டெலிஜே, குரோம் எவ்வளவுன்னும் எழுதிக்கோங்க. அந்த நம்பர் வந்த பிறகு கடைக்குப் போகலாம்.

தறிநூல் எழுதியது:

வைகை சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் கோவையில் தரவுத்தள வேலை. அளந்து முடித்ததும் நீங்கள் பார்க்க வேண்டிய அடுத்த விஷயம் பிராசஸர் இல்லை, ரேம் கழற்ற முடிகிற ரேமா என்பதுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் மெல்லிசாக, ஒரு கிலோ இருநூறு கிராமில் ஒரு லேப்டாப் வாங்கினேன். பிராண்டு வேண்டாம். 16 ஜிபி. பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்று விற்றவர் சொன்னார். ஒன்றரை வருஷம் கழித்து அடி மூடியைக் கழற்றினால் ரேம் ஸ்லாட்டே இல்லை. எல்லாம் போர்டோடு சாலிடர். 80,000 ரூபாய் மெஷின், வேலைக்கு ஆகாமல் இப்போது அதில் என் பையன் ஆன்லைன் கிளாஸ் பார்க்கிறான். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

எல்பிடிடிஆர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் சாலிடர் செய்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸர் பொதியிலேயே உட்கார்ந்திருக்கிறது, 32க்கு மேல் கிடையவே கிடையாது. பேட்டரி நன்றாக நிற்கும், ஆனால் உங்கள் வேலைக்கு அது இல்லை.

கடையில் டெமோ மெஷின் இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், மெமரி போங்கள். வலது ஓரம் கீழே "ஃபார்ம் ஃபேக்டர்" என்று ஒரு வரி வரும். அங்கே "எஸ்ஓடிஐஎம்எம்" என்று இருந்தால் கழற்றலாம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் சாலிடர், கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். அதற்கு மேலேயே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். விற்பவர் வாய்மொழியை விட அந்த இரண்டு வரி எனக்குப் பெரிசு.

பொருநைக்கரை எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. வைகை அண்ணா சொன்னபடி வரம்பு போட்டு, நேற்று முழுக்க வேலை பார்த்தேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எடுத்த கணக்கு:

எலாஸ்டிக்சர்ச் 1.5 ஜிபி. காஃப்கா 0.8. போஸ்ட்கிரெஸ் 0.6. சர்வீஸ் ஆறும் சேர்ந்து 3 ஜிபி சுமார். ஆக டாக்கருக்குள் 5.9.

வெளியே இன்டெலிஜே 3.5, குரோம் 3, டீம்ஸ் 1, விண்டோஸும் மற்றதும் 4. அது 11.5.

மொத்தம் 17.4. டெஸ்ட் ஓடும்போது பில்டு கருவியான கிரேடில் இன்னொரு 3 கேட்கிறது, அப்போது 20.4.

ஆச்சரியம் என்னவென்றால் பழைய மெஷினே பாதி சரியாகிவிட்டது. மவுஸ் நிற்பதில்லை. குரோமை மூடினால் மூச்சு விடுகிறது. ஆனால் பில்டு நேரம் அப்படியேதான் இருக்கிறது, அதில் மாற்றமில்லை. இத்தனை நாள் யாரும் இதைச் சொல்லவில்லையே என்று இருந்தது. எங்கள் டீம் காம்போஸ் ஃபைலிலேயே வரம்புகளைச் சேர்த்து அனுப்பிவிட்டேன்.

வைகைக்காற்று எழுதியது:

அருமை. 20.4 தான் உங்க தேவை. விஎம்முக்கு 8 சேர்த்தா 28. அப்ப 32 ஜிபி போதும், 64க்கு இப்ப காசு கொடுக்க வேண்டாம். ஆனா 64 போடுற வசதி இருக்கணும். ரெண்டு ஸ்லாட், அதுல ஒண்ணு காலியா இருக்குற மெஷின் உங்களுக்குத் தோது.

ஒத்தை ஸ்டிக்கோட ஓட்டாதீங்க, அதே அளவு இன்னொண்ணு வாங்கி உடனே போட்டுருங்க. ரெண்டு சேனலும் வேலை செய்யும்போது மெமரி போக்குவரத்து இரட்டிப்பாகும், பில்டுலயே வித்தியாசம் தெரியும்.

டாக்கர் டெஸ்க்டாப் வச்சிருந்தா ஒரு விஷயம். கம்பெனியில 250 பேருக்கு மேல இருந்தாலோ, வருஷ வருமானம் ஒரு கோடி டாலருக்கு மேல போனாலோ அதுக்குச் சந்தா கட்டணும். 2021ல மாத்துனாங்க. டபிள்யூஎஸ்எல்லுக்குள்ள டாக்கர் இன்ஜினை நேரடியா நிறுவிக்கிட்டா அந்தத் தொல்லை இல்லை.

கடற்பாலம் எழுதியது:

எல்லாரும் லேப்டாப்பிலேயே நிற்கிறீர்கள். ஒரு மினி பிசி வாங்கி, 64 ஜிபி போட்டு, வீட்டு மூலையில் வைத்துவிட்டு, பழைய லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் போட்டு (நெட்வொர்க் வழியாக அதற்குள் நுழைந்து) வேலை செய்யலாமே? டாக்கர் முழுக்க அங்கே ஓடட்டும். நான் ஒன்றரை வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். மடியில் சூடு இல்லை, ஃபேன் சத்தம் இல்லை. அதே காசுக்கு லேப்டாப்பில் கிடைப்பதைவிட அதிக கோர் கிடைக்கும். கெட்டுப்போனால் அந்த ஒரு பெட்டியை மட்டும் மாற்றினால் போதும். சர்வர் மென்பொருள் சர்வர் மாதிரி ஒரு இடத்தில் இருக்கட்டும் என்பது என் கட்சி.

பொருநைக்கரை எழுதியது:

நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. எனக்கு இரண்டு தடங்கல். மாதம் ஒரு வாரம் சென்னை ஆபீஸுக்குப் போகிறேன். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு முழுக்க சிக்னல் வந்து வந்து போகும், எஸ்எஸ்எச் நம்பி உட்கார முடியாது. அடுத்தது கரண்ட். எங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை என்றால் காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் இரண்டு வரை. இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ரௌட்டரும்தான் ஓடுகின்றன. லேப்டாப் என்றால் அதற்குள்ளேயே பேட்டரி இருக்கிறது.

கடற்பாலம் எழுதியது:

அப்படியானால் லேப்டாப்தான் சரி. நான் இருப்பது சிங்கப்பூர், கரண்ட் கணக்கை யோசிக்கவே இல்லை.

வைகைக்காற்று எழுதியது:

இப்ப பிராசஸருக்கு வருவோம். கடையில "ஐ7, ஐ9" னு சொல்றதைக் காதுல வாங்காதீங்க. நம்பருக்குப் பின்னாடி இருக்குற எழுத்தைப் பாருங்க.

ஐ5-1235யூ ல 10 கோர்னு போட்டிருக்கும். அதுல பெரிய கோர் ரெண்டே ரெண்டு, மிச்சம் எட்டும் சின்னது. அடிப்படை 15 வாட். ஐ7-12700எச் ல பெரிசு ஆறு, சின்னது எட்டு, 45 வாட். ஐ7-13700எச்எக்ஸ் ல பெரிசு எட்டு, சின்னது எட்டு, 55 வாட். யூ வரிசை மின்சாரத்தைச் சிக்கனமா செலவழிக்கப் பண்ணது, அரை மணி நேரம் தொடர்ந்து கம்பைல் பண்றதுக்குப் பண்ணது இல்லை.

ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. மூணாவது இலக்கம் தான் உள்ள இருக்குற கட்டமைப்பைச் சொல்லும். 7730யூ, 7735எச்எஸ் ரெண்டுலயும் அது 3, அதாவது ஜென் 3 குடும்பம். 7840எச்எஸ் ல 4, ஜென் 4. 7735க்கும் 7840க்கும் நடுவுல ஒரு தலைமுறையே இருக்கு. உங்க பட்ஜெட்டுல 7840எச்எஸ் கிடைச்சா யோசிக்காதீங்க. எட்டும் பெரிய கோர், 16 த்ரெட்.

அதைவிட முக்கியம் சூடு. எந்த பிராசஸரும் முதல் சில வினாடி முழு வேகத்துல ஓடும், அப்புறம் அந்தப் பெட்டி எவ்வளவு சூட்டை வெளிய தள்ள முடியுமோ அவ்வளவுதான் ஓடும். எங்க ஆபீஸ்ல ஒரே ஐ7-1260பி ரெண்டு வேற வேற பெட்டியில இருந்துச்சு. ஒண்ணு மெல்லிசு, ஒண்ணு தடிமன். எங்க மோனோரெப்போ பில்டு தடிமன்ல நாலு நிமிஷம், மெல்லிசுல ஆறரை. சில்லு ஒண்ணுதான், ஃபேன் தான் வேற. திருநெல்வேலி மே மாசத்துல ஏசி இல்லாத ரூம்ல உட்கார்ந்து பில்டு பண்றவங்களுக்கு பிராசஸர் பேரை விட ஃபேன் பெரிசு.

நோட்புக்செக் தளத்துல சினிபெஞ்ச் வேகச் சோதனையை வரிசையா திரும்பத் திரும்ப ஓட்டி ஒரு கோடு வரைஞ்சு காட்டுவாங்க. முதல் ஓட்டத்துல உச்சத்துல இருந்து அப்புறம் பொத்துன்னு விழுந்தா அந்த மாடல் வேண்டாம். கோடு கடைசி வரைக்கும் மட்டமா போனா வாங்கலாம்.

இந்த விலையில கேமிங் லேப்டாப் பாருங்க. கிராஃபிக்ஸ் கார்டு உங்களுக்குத் தேவையில்லை, அது தெரியும். ஆனா அந்தக் கார்டுக்காகப் போட்ட ரெண்டு ஃபேனும் தடி செம்புக் குழாயும் உங்க பில்டுக்கு உதவும். நிறைய மாடல்ல ரேம் ஸ்லாட் ரெண்டு, எஸ்எஸ்டி ஸ்லாட் ரெண்டு. சார்ஜர் கனம், பேட்டரி சீக்கிரம் போயிரும், அதுக்குத் தயாரா இருங்க. ஆபீஸ் வகையில வேணும்னா திங்க்பேட் டி14 அஞ்சாவது தலைமுறை, அதுல மறுபடி ரெண்டு ஸ்லாட் கொண்டு வந்துட்டாங்க. முந்தினதுல ஒரு பகுதி சாலிடர்.

தறிநூல் எழுதியது:

என் தொழில் டிஸ்க் என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் பேசவில்லை.

அட்டையில் 7,000 எம்பி வேகம் என்று போட்டிருப்பார்கள். அது பெரிய கோப்பு ஒன்றை நீளமாகப் படிக்கும் வேகம். போஸ்ட்கிரெஸ் செய்வது அது இல்லை. ஒரு கமிட் என்றால் சில கிலோபைட்டைப் பதிவேட்டில் எழுதி, "இது உண்மையிலேயே டிஸ்க்கில் இறங்கிவிட்டதா" என்று எஃப்சிங்க் மூலம் கேட்டு, பதில் வரும்வரை நிற்கும். டேட்டா சென்டர் எஸ்எஸ்டிகளில் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். கரண்ட் போனாலும் எழுதி முடிக்கத் தெம்பு இருப்பதால் உடனே "ஆச்சு" என்று சொல்லிவிடும். லேப்டாப்பில் போடுகிற எஸ்எஸ்டிகளில் அது இல்லை, ஃப்ளாஷில் இறக்கிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் சர்வரில் கண் இமைக்கும் நேரத்தில் ஓடுகிற டெஸ்ட் லேப்டாப்பில் நொண்டுகிறது. போஸ்ட்கிரெஸ் கூடவே பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் என்று ஒரு கருவி வரும், ஓட்டிப் பாருங்கள், உங்கள் டிஸ்க்கின் குணம் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

தூக்கிப் போடப்போகிற டெஸ்ட் டேட்டாபேஸ் என்றால் எஃப்சிங்கையே அணைத்துவிடலாம். போனால் போகட்டும் என்கிற தரவுக்கு மட்டும். நாளைக்கும் வேண்டும் என்கிற தரவில் அதைத் தொடவே கூடாது.

அடுத்து டிஎல்சியா கியூஎல்சியா என்று கேளுங்கள். டிஎல்சியில் ஒரு செல்லில் மூன்று பிட், கியூஎல்சியில் நான்கு பிட். கியூஎல்சி விலை குறைவு. முன்னால் ஒரு வேகமான இடைத்தேக்கம் இருக்கும், அது நிரம்பும்வரை மின்னல். நிரம்பிவிட்டால் பழைய ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கிவிடும். 40 ஜிபி டம்ப் (தரவுத்தள நகல்) ஒன்றை ரீஸ்டோர் செய்யும்போது பாதியில் நிற்கிற மாதிரி தோன்றினால் காரணம் இதுதான். ஆயுளிலும் அப்படியே. சாம்சங் 990 ப்ரோ 1 டிபிக்கு 600 டெராபைட் எழுதுவதற்கு உத்தரவாதம், கியூஎல்சியான க்ரூஷியல் பி3 அதே 1 டிபிக்கு 220.

கடைசியாக, கோட் எங்கே இருக்கிறது? விண்டோஸ் சி டிரைவில் வைத்துக்கொண்டு டபிள்யூஎஸ்எல்லுக்குள்ளிருந்து பில்டு செய்தால் ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் இரண்டு உலகத்தைத் தாண்டிப் போய் வர வேண்டும். லினக்ஸ் பக்கத்துக்கே மாற்றிவிடுங்கள். இதற்குக் காசு செலவே இல்லை.

பனையோலை எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில இருந்து. மேக்புக் பற்றிக் கேட்டிருந்தீங்கள், அதுக்கு மட்டும் சொல்லுறன். எம் வரிசை மெசின் நல்ல மெசின், சத்தமே இல்லை, சூடும் குறைவு. ஆனா வாங்கேக்க எடுத்த மெமரிதான் கடைசி மட்டும். பிறகு ஒண்டும் கூட்டேலாது.

மற்றது, அது ஆர்ம் சில்லு, இன்டெல், ஏஎம்டி மாதிரி எக்ஸ்86 இல்லை. உங்கட டாக்கர் இமேஜ் எல்லாம் ஆர்முக்கும் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ. போஸ்ட்கிரெஸ், காஃப்கா, எலாஸ்டிக் எல்லாம் இருக்கு, பிரச்சினை இல்லை. எங்கட திட்டத்தில எஸ்கியூஎல் சர்வர். அதின்ட லினக்ஸ் இமேஜ் எக்ஸ்86க்கு மட்டும்தான். எக்ஸ்86 நிரலை மேக்கில ஓட்டுற ரொசெட்டா வைச்சு ஓட்டுறன், ஓடுது, ஆனா மைக்ரோசாஃப்ட் அதுக்குப் பொறுப்பில்லை. உங்கட பழைய விண்டோஸ் விஎம் எக்ஸ்86 எண்டா மேக்கில அது ஆமை வேகம். அந்த ஒண்டுக்காகவே நான் உங்களுக்கு வேண்டாம் எண்டு சொல்லுவன்.

மாடிவீடு எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நான் எஸ்ஏபி படிக்கிறேன். ஹானா எக்ஸ்பிரஸ் ஓட்ட வேண்டும். எனக்கும் 32 போதுமா?

தறிநூல் எழுதியது:

தம்பி, உங்கள் கணக்கு வேறு. ஹானா தரவை ரேமிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிற டேட்டாபேஸ். வெறும் சர்வர் மட்டும் என்றால் 8 ஜிபியிலேயே கிளம்பும். எக்ஸ்எஸ்ஏ (ஹானாவுக்கு மேல் ஆப் ஓட்டும் பகுதி) பயன்பாடுகளையும் சேர்த்தால் அதற்கே 16, அதற்கு மேலும். இலவச உரிமம் 32 ஜிபி வரை. படிக்கத்தான் என்றால் சர்வர் மட்டும் போட்டு 32ல் ஆரம்பியுங்கள், 64 போட இடம் இருக்கிற மெஷினாக மட்டும் பார்த்து வாங்குங்கள். பழைய ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் கிடைத்தாலும் சரி. 2019ல் வந்த திங்க்பேட் பி53ல் நான்கு ரேம் ஸ்லாட், 128 வரை போகும். கனம்தான், ஆனால் மேஜையில் வைத்துப் படிக்க அது போதும்.

பொருநைக்கரை எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வாங்கிவிட்டேன்.

சென்னை போனபோது ரிச்சி தெருவுக்குப் போனேன். நாலு கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் வெள்ளி நிறத்தில் அழகான மெஷின், விற்கிற தம்பி ஸ்லாட் இருக்கு மேடம் என்று அடித்துச் சொன்னார். டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். "ரோ ஆஃப் சிப்ஸ்". அவரும் குனிந்து பார்த்தார், இந்த வரியை இன்றைக்குத்தான் கவனிக்கிறேன் என்றார். இரண்டாவது கடையிலும் அதே. நாலாவது கடையில்தான் "எஸ்ஓடிஐஎம்எம்" வந்தது, இரண்டு ஸ்லாட்டில் ஒன்று நிரம்பியிருந்தது. ரைசன் 7840எச்எஸ், 16 ஜிபி ஒற்றை ஸ்டிக், கேமிங் வகை. அங்கேயே இன்னொரு 16 வாங்கினேன். 64க்கு ஒதுக்கியிருந்த காசில் 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டி ஒன்று. எல்லாம் சேர்த்து 97,000க்குள் முடிந்தது.

வீட்டுக்கு வந்து, கோட் முழுவதையும் லினக்ஸ் பக்கத்துக்கு மாற்றிவிட்டு, அதே பில்டு: இரண்டு நிமிஷம் ஐம்பது வினாடி. நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, ஐந்து தடவை விடாமல் ஓட்டினேன். ஐந்தாவது மூன்று நிமிஷம் ஐந்து வினாடி. விஎம்மையும் ஏற்றிப் பார்த்தேன், 28.6 ஜிபியில் நின்றது.

வைகை அண்ணா சொன்ன பேட்டரி விஷயம் உண்மைதான். காம்போஸ் முழுக்க ஓடும்போது இரண்டேகால் மணி நேரம்தான் வருகிறது. எந்நேரமும் பிளக்கில் இருப்பதால் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி வைத்திருந்தேன். மின்தடை அறிவிப்பு வந்தால் முதல் நாள் இரவே 100க்கு மாற்றிக்கொள்கிறேன்.

தறிநூல் சார், பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் ஓட்டினேன். பழைய மெஷின் டிஸ்க்கில் எஃப்டேட்டாசிங்க் ஒன்றுக்கு 4 மில்லி வினாடி, புதுசில் 1.1. டெஸ்ட் டேட்டாபேஸை மட்டும் நீங்கள் சொன்னபடி எஃப்சிங்க் அணைத்து வைத்துவிட்டேன்.

தறிநூல் எழுதியது:

1.1 லேப்டாப் டிஸ்க்குக்கு நல்ல எண். டபிள்யூஎஸ்எல் வட்டுக் கோப்பு மட்டும் ஊதிக்கொண்டே போகும், டாக்கரில் பழைய இமேஜை அழித்தாலும் தானாகச் சுருங்காது. மாதம் ஒருமுறை டபிள்யூஎஸ்எல்லை நிறுத்திவிட்டு டிஸ்க்பார்ட்டில் அதைச் சுருக்குங்கள். அந்தப் பழைய 16 ஜிபி மெஷினை விற்றுவிடாதீர்கள், தினம் இரவு டேட்டாபேஸ் நகல் எடுத்து வைக்க அது போதும்.

பொருநைக்கரை எழுதியது:

விற்கவில்லை சார். நோட்டுப் புத்தகம் இரண்டும் அதற்கு அடியிலேயே இருக்கிறது. இன்று இரவு பத்து மணிக்கு முதல் நகல் போகும்படி கிரான் போட்டிருக்கிறேன்.